கரைக்கடையின் நீலக் கூரை

என் கடைக் கூரையை ஆகாயத்திலிருந்து படம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கேட்காமல் கொள்ளாமல் படம் பிடிக்க அவன் யார்?

“மேலேருந்து பாக்குறதோட சரியா? ஒரு நாள் இறங்கி வந்து பசியாறிட்டுப் போகச் சொல்லுங்க,” என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. அது ஆள் இல்லை, செயற்கைக்கோள் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, டேப்லெட்டை என் மாவுக் கைக்கு முன்னால் நீட்டினார். சுற்றிலும் பச்சையும் பழுப்பும். நடுவில் கறுப்பாக, வழவழப்பாக ஒரு பரப்பு. அந்தக் கறுப்பின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு நீலம். அதன்மேல் விரலை வைத்தார்.

“இது நீர்.”

“தண்ணியா டீச்சர்? தண்ணி இங்கல்ல கறுப்பா இருக்கு?”

“தண்ணியில்லை. நீர். உம்மைத்தான் சொல்லுறன். உம்மட கடை.”

டீச்சரின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அவர் பிறந்தது இங்கேதான், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். அவருடைய அப்பா ரயில்வேயில் கணக்கெழுதுகிற கிராணி. இருந்தாலும் வீட்டுத் தமிழ் அவர் வாயைவிட்டுப் போகவில்லை. ‘நீ’ என்று சொல்லவும் மனம் வராது, ‘நீங்கள்’ என்று தூக்கி வைக்கவும் வேண்டியதில்லை என்று நினைக்கிற ஆளை அவர் ‘நீர்’ என்பார். நான் அவருக்கு நீர்.

“உங்க தமிழுக்குக் கீழ எழுத்துப் போடணும் டீச்சர்,” என்றார் என் வீட்டுக்காரர், தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே.

“உம்மட தமிழுக்கு மட்டும் என்ன, வரிக்கு வரி போடுற ‘லா’வை எடுத்துவிட்டால் மிச்சம் ஒண்டும் இராது,” என்றார் டீச்சர்.

அந்த நீலம் என் தார்ப்பாய்க் கூரை. வெயிலில் வெளுத்தால் மாற்றுவேன், மாற்றினாலும் நீலமே வாங்குவேன். அவ்வளவு உயரத்திலிருந்து அது தெரிந்தது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. வாங்கிப் பார்த்தேன். திரும்பவும் வாங்கிப் பார்த்தேன். தோசை ஒன்று தீய்ந்தது.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எல்லாரும் கரைக்கடை என்பார்கள். சாலாக் செலாத்தானிலிருந்து கொஞ்சம் தள்ளி, அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையில் இருப்பதால் கரைக்கடை. தோசையும் நாசி லெமாக்கும் எங்கேயும் கிடைக்கும். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பசியாறத்தான் சனம் என்னிடம் வருகிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. என் சாம்பாருக்கு அந்த ஏரி உப்பைவிட முக்கியம்.

அது சாமி கொடுத்த ஏரி இல்லை. ஈயம் தோண்டிய குழி. ஈயம் தீர்ந்ததும் தோண்டினவன் துடைத்துக்கொண்டு போய்விட்டான். குழியை மூடக்கூட இல்லை. மழைதான் அதை நிரப்பியது. மனுசன் செய்து வைத்த அசிங்கத்தை மழை அழகாக்கிய இடம் அது. காலையில் தண்ணீர்மேல் புகை மாதிரி பனி கிடக்கும். கொக்கு ஒற்றைக் காலில் நிற்கும். பெரிய உடும்பு ஒன்று மேசைகளுக்கு அடியில் முதலாளி மாதிரி நடந்துபோகும். வானம் தெளிந்த நாளில் தூரத்து உயரக் கட்டடங்கள் எல்லாம் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கும். லோரி ஓட்டுகிற முரட்டு ஆட்கள்கூட அந்த நேரத்தில் மெதுவாகத்தான் பேசுவார்கள். நான் மட்டும் கத்துவேன். கத்தாமல் கடை நடத்த முடியாது.

அப்படிப்பட்ட ஏரியை நாலா பக்கத்திலிருந்தும் கொன்றார்கள். பின்னால் இருந்த குன்றைக் கொண்டோமினியம் கட்ட மொட்டையடித்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் செம்மண் கரைந்து ஏரிக்குள் இறங்கியது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஓடையைச் சிமெண்டுக் கால்வாயாக்கி ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். சாக்கடை மட்டும் வழி மாறாமல் ஏரிக்கே வந்தது. அதைக் குடித்து ஆகாயத்தாமரை கொழுத்தது. அது செத்து மட்கி அடியில் படிந்தது. அது போதாதென்று, இடித்த கட்டடங்களின் கல்லையும் கம்பியையும் லோரி லோரியாகக் கொண்டுவந்து கரையில் கொட்டினார்கள். யார் கொட்டினது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பேய் வந்து கொட்டியிருக்கும்.

ஏரி சின்னதாகப் போக, அடுக்குமாடியில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. முன்பெல்லாம் மழைத் தண்ணீரை ஏரி வாங்கிக்கொள்ளும். இப்போது வாங்க இடம் இல்லை, திரும்பி வீட்டுக்குள் வருகிறது. டீச்சர் வீடு கீழ்த்தளம். முட்டி வலி, மாடி ஏற முடியாது என்று கீழேயே வாங்கினார். போன மழையில் பஞ்சிர் வந்து வீட்டுக்குள் வெள்ளம் ஏறியபோது அவர் கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டு, மிதக்கிற செருப்புகளைக் குடையால் இழுத்துக்கொண்டிருந்தார். நானும் வீட்டுக்காரரும் உள்ளே போனபோது, “வாங்கோ, இருக்கத்தான் இடமில்லை,” என்றார். முட்டி அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு நான் சிரித்தேன். வெளியே வந்து அழுதேன்.

இந்த நேரத்தில்தான் ஒரு கட்டட நிறுவனம் வந்தது. ஏரியின் மேற்குப் பக்கத்தை மண்போட்டு நிரப்பிக் கடைவீதி கட்டப் போகிறார்களாம். நிரப்பினால் மிச்சம் இருப்பது ஒரு குளியல் தொட்டி அளவுதான். என் கடை போகும். அதைவிட, அடுத்த மழைக்கு டீச்சரின் கட்டிலே மிதக்கும். ஆனால் நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? ஏரி சுருங்கவே இல்லை, எப்போதும் இதே அளவுதான். ஓரத்தில் பச்சையாகத் தெரிவது தரை இல்லை, தண்ணீர்மேல் மிதக்கிற செடி. அதனால் ஒரு பக்கம் நிரப்புவதால் கெடுதல் ஒன்றும் வராது.

எங்களுக்கு வாய் இருந்தது. ஆதாரம் இல்லை. டீச்சர்தான், “வானத்தைக் கேப்பம்,” என்றார். ஆயுசு முழுக்கப் புவியியல் சொல்லிக்கொடுத்தவர் அவர். பழைய வருசங்களின் செயற்கைக்கோள் படங்களையெல்லாம் தேடி எடுத்தார். நம் ஊரில் அது லேசான வேலை இல்லை. எந்தப் படத்தைத் திறந்தாலும் மேகம். ஒரு வருசம் ஏரியின் பாதியை மேகம் மூடியிருக்கும், இன்னொரு வருசம் முழுசாக மூடியிருக்கும். தினமும் பசியாறிவிட்டு, என் மேசையிலேயே உட்கார்ந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து தேடுவார். யாராவது குறுக்கே பேசினால் முறைப்பார். அவர் முறைத்தால் நானே வாயை மூடிவிடுவேன். என்னை அப்படி அடக்க என் மாமியாரால்கூட முடிந்ததில்லை.

படம் கிடைத்தது. பச்சைதான் பிரச்சினையாக இருந்தது. எது லாலாங் புல், எது மிதக்கிற செடி என்று அவ்வளவு மேலிருந்து பிரிக்க முடியவில்லை. தண்ணீர் எங்கே முடிந்தது, தரை எங்கே தொடங்கியது? அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். டீச்சர் என் கூரையைப் பிடித்தார். கரைக்கடை கரையில்தானே இருக்கும்? நீலத்தை வைத்துக் கரையைக் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு வருசத்துப் படத்தையும் என் கூரை நடுவில் வருகிற மாதிரி நெருக்கமாக வெட்டி, பெரிய அட்டையில் வரிசையாக ஒட்டினார். எனக்கு ஒரே பெருமை. வந்தவன் போனவனிடமெல்லாம் சொன்னேன்.

ஏரியை நிரப்பலாமா என்று விசாரிக்கிற கூட்டம் குடியிருப்பு மண்டபத்தில் நடந்தது. தலைமை தாங்கிய மலாய்க்கார அதிகாரி அம்மா பொறுமையாக எல்லாரையும் பேசவிட்டார். டீச்சர் கைத்தடியை நாற்காலியில் சாத்திவிட்டு எழுந்தார். மலாயில் பேசினார். தமிழில் எப்படி நறுக்கோ மலாயிலும் அப்படி. ஓடை, செம்மண், சாக்கடை, லோரி எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். பிறகு அட்டையைக் காட்டி, இந்த நீலக் கூரைதான் கரை, இதைப் பாருங்கள் என்றார்.

நிறுவனத்தின் ஆள் எழுந்தான். நம்ம தமிழ்ப் பையன்தான், கழுத்துப்பட்டை கட்டிய இஞ்சினியர். அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். சிரித்தான்.

“நானும் இதைத்தான் சொல்றேன். எல்லாப் படத்துலயும் இந்தக் கூரை தண்ணியை ஒட்டித்தான் இருக்கு. ஒரு இன்ச்கூட விலகலை. அப்ப ஏரி எங்க சுருங்குச்சு?” என்று மலாயில் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்: “ஏன் ஆன்டி, உங்க கடை பேரே கரைக்கடைதானே? எப்பவும் கரையிலதானே இருக்கு?”

டீச்சர் அட்டையைப் பார்த்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அவன் சொன்னது உண்மை. எல்லாப் படத்திலும் நடுவில் நீலம், நீலத்தை ஒட்டிக் கறுப்பு. வெள்ளத்தில் கட்டில்மேல் உட்கார்ந்து கிண்டல் பேசியவர் இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் எழுந்து கத்தினேன்.

“கடைதான்டா நகர்ந்துச்சு!”

“ஆன்டி, மெதுவா...”

“யாருக்குடா ஆன்டி? தண்ணி உள்ள போகப் போக நானும் கடையைத் தள்ளிக்கிட்டே போனேன். கரைக்கடைன்னு பேரு வச்சிக்கிட்டு லாலாங் நடுவுலயா தோசை சுடுவேன்? தண்ணி பாக்க வர்றவனுக்குத் தண்ணியைக் காட்ட வேணாமா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து, “தள்ளினது நான், கத்தினது அவ,” என்றார். இன்னும் சிரித்தார்கள்.

உண்மை அதுதான். ஏரி ஒரே நாளில் போகவில்லை. ஒரு வருசம் கொஞ்சம் சேறு தெரியும். மேசைகளை முன்னால் போடுவோம். பிறகு மேசைகளுக்கும் அடுப்புக்கும் நடக்க முடியவில்லை என்று அடுப்பை முன்னால் கொண்டுபோவோம். பிறகு கூரை. தார்ப்பாய் மாற்றுகிற நேரத்தில் கம்பங்களையே பிடுங்கி முன்னால் ஊன்றிவிடுவோம். வாடிக்கையாளர் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? உட்கார்ந்தால் கண்ணுக்கு முன்னால் அதே தண்ணீர், அதே கொக்கு. டீச்சர் தினமும் அதே மேசையில் உட்கார்ந்து அதே காட்சியைப் பார்த்தார். மேசை நடந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. தள்ளின எங்களுக்கே தெரியவில்லை. ஏரி செத்துக்கொண்டிருந்தது, நாங்கள் எல்லாரும் அதன் பின்னாலேயே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம்.

இஞ்சினியர் விடவில்லை. “கடை நகர்ந்துச்சுன்னு இப்ப சொல்றீங்க. அதுக்கு என்ன அத்தாட்சி?”

நான் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் கையைத் தூக்கினார். நான் உட்கார்ந்தேன். அவர் அதிகாரியைப் பார்த்து நேராகச் சொன்னார். இந்தப் படங்களை வெட்டியது நான். கடை அசையாது என்று நினைத்து வெட்டினேன். அது என் பிழை. அசையாத ஒன்றை நடுவில் வைத்துத் திரும்பவும் கொண்டுவருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் ஒருமுறை வந்து இடத்தைப் பார்க்க வேண்டும்.

முணுமுணுக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால், எதிராளி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, என் பிழை என்று சொல்ல ஒரு முதுகெலும்பு வேண்டும். நாற்பது பிள்ளைகள் முன்னால் கரும்பலகையில் தப்பாக எழுதியதை அழித்துத் திருத்திய பழக்கமாக இருக்கலாம். நானாக இருந்தால் அட்டையை அந்தப் பையன் தலையில் அடித்திருப்பேன்.

வெளியே வந்ததும் என்னைத்தான் பிடித்தார்.

“ஏன் நீர் எனக்கு முன்னமே சொல்லேல்லை?”

“நீங்க கேக்கலையே டீச்சர்! நீங்களும்தான் கூடவே நகர்ந்தீங்க.”

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். கைத்தடி ஆட ஆடச் சிரித்தார். “என்னைப்போல மொக்கு உலகத்தில் இல்லை. பக்கத்தில் இவ்வளவு பெரிய மின்கோபுரம் நிக்குது. அதை விட்டிட்டு உம்மட கடையைப் பிடிச்சன்.”

ஏரிக்கு அந்தப் பக்கம் உயர்அழுத்த மின்கம்பிகளைத் தாங்குகிற இரும்புக் கோபுரம் ஒன்று எத்தனையோ வருசமாக நிற்கிறது. எல்லாப் படத்திலும் இருந்தது. டீச்சர் கண்ணில் அது படவே இல்லை. அங்கே யாரும் பசியாறுவதில்லை.

அதிகாரி அம்மா சொன்னபடி வந்தார். இஞ்சினியரும் வந்தான், காலணியில் சேறு படாமல் குதித்துக் குதித்து. சாலையோரத்திலிருந்து கடைக்கு நான் முன்னால் நடந்தேன். வழியில் காட்ட என்னிடம் இருந்தது கறிவேப்பிலை மட்டும்தான்.

கடை போடுகிற இடத்தில் முதலில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைப்பது என் பழக்கம். தாளிக்கும்போது கை நீட்டினால் இலை வர வேண்டும். பாசாரில் வாங்குகிற இலை மத்தியானத்துக்குள் கறுத்துப்போகும். கடையைத் தள்ளிக்கொண்டு போகலாம், மரத்தைத் தள்ள முடியுமா? ஒவ்வொரு முறையும் பழையதை விட்டுவிட்டுப் புது இடத்தில் புதுக் கன்று வைப்பேன். ஆக, சாலைப் பக்கம் லாலாங்குக்கு நடுவில் என்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில் ஒரு மரம். அடுத்தது கொஞ்சம் குட்டை. அதற்கு அடுத்தது இன்னும் குட்டை. கடைசியில் என் அடுப்புக்குப் பக்கத்தில் இடுப்பளவுக் கன்று. ஒவ்வொன்றின் அடியிலும் அடுப்பு வைக்க நாங்கள் போட்ட சிமெண்டுத் தரை, கரி பிடித்தபடி.

அதிகாரி அம்மா பெரிய மரத்தடியில் நின்று ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். “காக், தண்ணீர் இதுவரைக்கும் இருந்ததா?” என்று, அக்கா முறை வைத்து மலாயில் கேட்டார்.

“இந்த மரத்துக்கு நான் ஏரியிலிருந்துதான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். உட்கார்ந்த இடத்திலிருந்து,” என்றேன்.

அவர் அங்கிருந்து ஏரியைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இஞ்சினியர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் புது அட்டை செய்தார். இந்த முறை மின்கோபுரத்தை ஒரே இடத்தில் நிறுத்தி எல்லாப் படத்தையும் வெட்டினார். கூட்டத்துக்கு முன்னால் எனக்குத்தான் காட்டினார், டேப்லெட்டில், ஒவ்வொரு வருசமாகத் தள்ளித் தள்ளி. கோபுரம் அசையாமல் நிற்கிறது. கறுப்புச் சுருங்கிக்கொண்டே போகிறது. அதன் பின்னால் ஒரு சின்ன நீலம், தாயைத் தேடுகிற குட்டி மாதிரி, விட்டு விட்டு நடந்து போகிறது. அது நின்றுபோன ஒவ்வொரு இடத்திலும் ஒரு கரும்பச்சைப் புள்ளி முளைத்து நிற்கிறது. என் கறிவேப்பிலை. நான் நட்டதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது அந்தச் செயற்கைக்கோள். அதைத் திட்டினதற்கு வருத்தப்பட்டேன்.

இரண்டாவது கூட்டத்தில் டீச்சர் அதிகம் பேசவில்லை. படத்தைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். நீலம் நடந்தது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. இஞ்சினியர் எழவில்லை. நிரப்பும் வேலையை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். ஓடையைத் திரும்ப ஏரிக்கு விடலாமா என்று ஆராயப் போகிறார்களாம். நிறுத்திவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ரத்து செய்யவில்லை. அவன் திரும்ப வருவான் என்று எனக்குத் தெரியும். வரட்டும்.

அந்த வாரமே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கம்பங்களின் அடியில் சிமெண்டு ஊற்றச் சொன்னேன்.

“தண்ணி இன்னும் உள்ள போனா?” என்றார்.

“போனா போகட்டும். இனி ஒரு அடி நகர மாட்டேன். எவன் எவ்வளவு திருடுறான்னு மேலேருந்து பாக்குறவனுக்குக் கணக்குத் தெரியணும்ல?”

அடுத்த வறண்ட மாதங்களில் தண்ணீர் மறுபடியும் விலகியது. மேசைகளுக்கு முன்னால் சேறு, சேற்றுக்கு அப்பால்தான் ஏரி. வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. “என்னக்கா, கரைக்கடைன்றீங்க, கரையைக் காணோமே?” என்று ஒரு லோரி அண்ணன் கிண்டல் செய்தார். “கரை ஓடிப்போச்சுண்ணே. கடை இங்கதான். நல்லாப் பாத்துட்டுப் போய் நாலு பேர்கிட்ட சொல்லுங்க,” என்றேன். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். பரவாயில்லை. வருகிறவர்கள் இப்போது சேற்றைப் பார்த்துக்கொண்டு பசியாறுகிறார்கள். பார்க்கட்டும்.

டீச்சர் மட்டும் எப்போதும்போல வருகிறார். அதே மேசை. போன வாரம் புதுப் படம் ஒன்று வந்திருந்தது, மேகம் இல்லாத படம். கோபுரத்தை நடுவில் வைத்து, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தண்ணீர் கொஞ்சம் விலகியிருந்தது. நீலம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

“நீர் அசையேல்லை,” என்றார்.

“தண்ணியா, நானா டீச்சர்?”

“இரண்டும் அசையக் கூடாது. சாம்பார் கொஞ்சம் ஊத்தும்.”